அப்பா சொல்லிட்டாரு

அக்காமார்களில் ஒரு தனி இனம் உண்டு. சொந்தமாக எந்த உத்தரவும் போட மாட்டார்கள், அவ்வளவு அடக்கம். எல்லாம் மேலிடத்து உத்தரவு. மேலிடம் கண்ணுக்கெட்டாத தூரத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இந்த வீட்டு மேலிடம் சரக்குக் கப்பலில் சமையல்காரர். கப்பல் கரையைத் தொட்டால் போன் வரும். வந்த போனை அக்கா மாடிப்படிக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள். அங்கேதான் சிக்னல் கிடைக்குமாம். இறங்கி வந்ததும் சின்னவளுக்கு ஆணைகள் அறிவிக்கப்படும்: ஈரத் தலையோடு படுக்கக் கூடாது, பட்டாணியைப் பொறுக்கித் தட்டோரம் ஒதுக்கக் கூடாது, ஜன்னலோரக் கட்டில் அக்காவுக்கு, அக்காவின் சீப்பை யாரும் தொடவே கூடாது. ஆடுகிற கப்பலில் அண்டாவைக் கிளறிக்கொண்டே ஒரு மனிதர் சீப்பைப் பற்றி இவ்வளவு கவலைப்படுவாரா? சின்னவள் கேட்டதில்லை. தையல் தொழிற்சாலையிலிருந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு வரும் அம்மாவும் கேட்டதில்லை. அப்பா சொன்னால் சரிதான் என்று காலை நீட்டிவிடுவாள். வேலை மிச்சம்.

பாராட்டும் அந்த வழியாகத்தான் வரும், அதையும் சொல்லிவிட வேண்டும். சின்னவள் வரைந்த மாட்டுக்கு ஐந்து கால் இருந்தபோது, அப்பா அந்த ஐந்தாவது காலைத்தான் ரொம்ப ரசித்தாராம்.

வினை பள்ளி நாடகத்தில் வந்தது. சின்னவளுக்குக் கரடி வேஷம். அக்காவின் வகுப்பே உட்கார்ந்து பார்க்கும்போது தங்கை நாலு காலில் உறுமிக்கொண்டு வந்தால், அக்காவின் மானம் என்ன ஆவது? மாடிப்படியிலிருந்து தீர்ப்பு இறங்கியது. கூடாது. அப்பா சொல்லிட்டாரு.

சின்னவள் அழுதாள், சாப்பாட்டை மறுத்தாள், தூங்கும்போதும் உறுமினாள். பிறகு ஒரு நாள் அக்கா குளிக்கப் போயிருந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது.

"அப்பா, நான் கரடியா நடிக்கக் கூடாதுன்னு ஏன் சொன்னீங்க?"

பின்னால் பாத்திரங்கள் உருளும் சத்தம். "எந்தக் கரடிம்மா?" என்றார் அப்பா. நல்லாப் படிக்கிறியா என்றார். அப்புறம் என்ன கேட்பதென்று தெரியாமல், "இப்ப எத்தனாவது படிக்கிற?" என்றார்.

சின்னவள் சொன்னாள். மாட்டைப் பற்றிக் கேட்க வாயெடுத்தவள் கேட்கவில்லை. கேட்டால் அந்த அப்பாவும் போய்விடுவார்.

தலையில் துண்டோடு அக்கா ஓடி வந்தபோது போன் மேசையில் இருந்தது. "என்னடி சொன்னாரு?" குரலில் சுரத்தே இல்லை.

"நடிக்கச் சொன்னாரு. கரடிச் சட்டைய நீதான் தைச்சுத் தரணுமாம். முதல் வரிசையில உக்காந்து கை தட்டணுமாம்."

பொய் என்று அக்காவுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாத பொய்யா? ஆனால் வாயைத் திறந்தால் முதலில் கவிழ்வது யாருடைய ஆட்சி? அம்மாவின் அளவு நாடாவை எடுத்து வந்தாள்.

"கையத் தூக்கு. வாலப் பத்தி ஏதாவது சொன்னாரா?"

"குட்டையா வைக்கச் சொன்னாரு."

சிரிக்கிறீர்கள். நல்லது. ஒரு வாரம் தங்கலாமென்று பெட்டியோடு வந்த உறவினரிடம், "எனக்கு ஒண்ணும் இல்லைங்க, எங்க வீட்டுக்காரருக்குத்தான் சரிப்படாது" என்று சொல்லி வாசலிலேயே வழியனுப்பியது யார்? பாவம் அந்த வீட்டுக்காரர், கடலுக்கெல்லாம் போகவில்லை. உள்ளறையில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.