எனக்கு எதுவானாலும் சரி

பிடிவாதக்காரர்களைச் சமாளிப்பது எளிது. எதிரே வருவது தூரத்திலேயே தெரிந்துவிடும். ஒதுங்கி வழிவிட்டால் போதும். நான் உங்களுக்குக் காட்ட வருவது வேறோர் இனம். "எனக்கு எதுவானாலும் சரிப்பா, நீங்களே முடிவு பண்ணுங்க" என்று சிரித்த முகத்தோடு சொல்லிவிட்டு, நாம் நம்பி, நாலு பேரை விசாரித்து, ஒரு வழியாக ஒரு முடிவுக்கு வந்து, அதைப் போய்ச் சொன்னதும், "ஓ, அப்படியா?" என்பார்களே, அந்த இனம். அந்த 'அப்படியா'வில் நம்முடைய முடிவு காற்று இறங்கிய டயராகிவிடும்.

இவர்கள் இல்லாத இடமில்லை. நான் கண்ணாடிக் கடையில் பார்வை சோதிக்கிறவன். நாற்காலியில் உட்கார வைத்து, ஒரு லென்ஸை மாட்டி, அதை எடுத்துவிட்டு இன்னொன்றை மாட்டி, "இது தெளிவா இருக்கா, அதுவா?" என்று கேட்டால், "உங்களுக்கு எது வசதியோ அதையே போட்டுடுங்க சார்" என்பார்கள். கண் யாருடையது? அது போகட்டும். கண்ணாடி வாங்கிப்போன மறுநாளே மச்சினர் வந்து நிற்பார். "மாமா ஒண்ணும் சொல்லல சார். அவர் சமாளிச்சுக்குவாரு. எழுத்துதான் தெரியலையாம்."

ஆனால் இந்த இனத்தின் முழு வளர்ச்சியைப் பார்க்க வேண்டுமென்றால் அதைக் கூட்டிக்கொண்டு வாடகைக்கு வீடு தேட வேண்டும். அதுவும் எங்கள் நகரத்தைப் போன்ற நகரத்தில். இங்கே மாடிப்படிக்கு அடியில் ஒரு கதவை மாட்டி 'தனி அறை' என்பார்கள். அதைப் பார்க்கவும் வரிசை நிற்கும்.

நாங்கள் மூன்று பேர் ஒரே வீட்டில் இருந்தோம். நான், ஓட்டல் சமையலறையில் வேலை பார்க்கும் என் நண்பன், அவனுடைய பெரியம்மா மகன். பெரியம்மா மகனுக்கு இன்சூரன்ஸ் அலுவலகத்தில் வேலை. நண்பனுக்கு அண்ணன் என்பதால் எனக்கும் அண்ணன். வீட்டுக்காரர் வீட்டை விற்றுவிட்டார். மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும் என்றார். அன்று மாலை கூடிப் பேசினோம். எனக்குப் பேருந்து நிறுத்தம் பக்கத்தில் வேண்டும் என்றேன். சமையல்காரன் தண்ணீர் நிற்காமல் வர வேண்டும் என்றான். "அண்ணே, உங்களுக்கு?" என்று கேட்டேன்.

"எனக்கென்னப்பா. ஒரு பாயைப் போட்டா ஹால்ல கூடப் படுத்துக்குவேன்."

எவ்வளவு நல்ல மனிதர் என்று நினைத்தோம். நீங்களும் நினைத்திருப்பீர்கள்.

முதல் வீட்டை நானும் அண்ணனும் போய்ப் பார்த்தோம். சமையல்காரனுக்கு அன்று வேலை. வீடு ரயில் பாதைக்குப் பக்கத்தில். ஹாலில் வெளிச்சம் இருந்தது. குழாயைத் திறந்தால் தண்ணீர் வந்தது. மூட வேண்டிய கதவுகள் மூடின. இதற்கு மேல் ஒரு வீட்டிடம் என்ன கேட்பது? அண்ணன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, எதையும் தொடாமல், மருமகன் வீட்டுக்கு முதல் தடவை வந்த மாமனார் மாதிரி ஒரு சுற்று சுற்றி வந்தார்.

"எனக்கு ஓகேப்பா" என்றார். செருப்பை மாட்டிக்கொண்டே, "தம்பியை நெனச்சாதான்... ராத்திரி வேலை பாத்துட்டு வந்து பகல்ல தூங்கறவன். இந்த ரயில் சத்தம் அவனுக்கு ஒத்துக்குமா? நான் எனக்காகச் சொல்லல."

பாவம், தம்பிமேல் எவ்வளவு அக்கறை. அந்த வீட்டை விட்டோம்.

அடுத்ததை அவர்கள் இருவரும் பார்த்துவிட்டு வந்தார்கள். மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. மற்றபடி நல்ல வீடு. வேண்டாம் என்று முடிவாகிவிட்டதாகச் சமையல்காரன் சொன்னான். காரணம் கேட்டேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் குளிக்கப் போனான்.

மூன்றாவது வீட்டுக்கு மூவருமாகப் போனோம். வீட்டுக்காரம்மா கீழ்த்தளத்தில் இருந்தார். குடிக்கத் தண்ணீர் கொடுத்தார், விசிறியைப் போட்டார், யார் யாருக்கு என்ன வேலை என்று அன்பாக விசாரித்தார். எனக்குப் பிடித்துவிட்டது. சமையல்காரனுக்கும் பிடித்துவிட்டது, அவன் அதற்குள் எந்த மூலையில் தன் கட்டில் என்று கண்ணாலேயே அளந்துகொண்டிருந்தான். அண்ணன் வாயே திறக்கவில்லை. "தம்பிக்குப் பிடிச்சிருக்கா?" என்று அந்தம்மாவே கேட்டுவிட்டார்.

"நல்லாத்தான் இருக்கு" என்றார் அண்ணன்.

கவனியுங்கள். நல்லா இருக்கு என்று சொல்லவில்லை. நல்லா*த்தான்* இருக்கு. நம் மொழியில் இந்தத் 'தான்' என்கிற சின்ன வால் செய்கிற வேலையை ஒரு பக்கப் புகார்க் கடிதம் செய்யாது. அந்தம்மா முகம் சுருங்கிப்போனது. விசிறியை அணைத்தார். யோசித்துச் சொல்லுங்கள் என்று வழியனுப்பினார். மறுநாள் நாங்கள் கூப்பிட்டபோது புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடிக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். அண்ணன் உச்சுக்கொட்டி, "அடடா, எடுத்திருக்கலாமே. நான் வேண்டாம்னு சொல்லவே இல்லையே" என்றார்.

சொல்லவே இல்லைதான்.

மாதக் கடைசி நெருங்க நெருங்க எனக்கும் சமையல்காரனுக்கும் பேச்சுக் குறைந்தது. இவன் தூக்கத்தால் வீடு போயிற்று என்று எனக்குக் கடுப்பு. என்மேல் அவனுக்கு ஏதோ கடுப்பு. அவன் காபி போட்டால் அவனுக்கு மட்டும் போட்டான். நான் துணி துவைத்தால் அவன் சட்டையை விட்டுவிட்டேன். பள்ளிக்கூட நாளிலிருந்து ஒன்றாகத் திரிந்தவர்கள் ஒரே அறையில் ஆளுக்கொரு சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டோம். தனித்தனியாக எங்கேயாவது போய்விடலாமா என்றுகூட எனக்குத் தோன்றிவிட்டது. நடுவில் அண்ணன் அங்கேயும் இங்கேயும் நடந்து, இருவரையும் தட்டிக்கொடுத்தார். "விடுப்பா, அவன் குணம் அது. நீதான் கொஞ்சம் அனுசரிச்சுப் போகணும்." இதையே அவனிடமும் சொல்லியிருக்கிறார். அது அப்போது எனக்குத் தெரியாது.

நாலாவது வீடு. மூன்று அறை, ஒன்று கொஞ்சம் சின்னது. எல்லாம் பொருந்தியிருந்தது. புரோக்கர் போனைக் காதிலிருந்து எடுக்காமலே, "சீக்கிரம் சொல்லுங்க சார், கீழ இன்னொரு பார்ட்டி நிக்குது" என்றார். அண்ணன் பால்கனிக்குப் போய்த் தெருவை எட்டிப் பார்த்தார். என்னிடம் வந்து மெதுவாக, "எனக்கு ஓகே. தம்பிக்குத்தான் கிச்சன் சின்னதா இருக்குமோன்னு" என்று ஆரம்பித்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. நேரே சமையல்காரனிடம் போனேன். "கிச்சன் சின்னதுன்னு இதையும் விட்டுடலாமாடா?"

"நான் எதுக்கு வீட்ல சமைக்கப் போறேன்? ராத்திரி பூரா அங்க வெந்துட்டு வர்றது பத்தாதா? உன் முழங்கால் இந்தப் படி ஏறுமான்னு பாரு மொதல்ல."

"எந்த முழங்கால்?"

"மூணாவது மாடி உன்னால ஏற முடியாதுன்னுதானே அந்த வீட்டை விட்டோம். அண்ணன் சொன்னாரே."

"உனக்கு ரயில் சத்தம் ஆகாதுன்னுதானே அதுக்கு முந்தின வீட்டை விட்டோம்."

"யாருக்கு? எனக்கா? பாத்திரம் உருள்ற சத்தத்துல நின்னுக்கிட்டே தூங்கறவன்டா நான்."

இருவரும் ஒரே சமயத்தில் திரும்பிப் பார்த்தோம். அண்ணன் சமையலறைக் குழாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

சமையல்காரன் கத்தவில்லை. பக்கத்தில் போய் நின்று, "அண்ணே, உனக்கு என்ன வேணும்?" என்று கேட்டான்.

"எனக்கென்னப்பா வேணும்."

"எனக்கு வேண்டியதையும் கேக்கல, இவனுக்கு வேண்டியதையும் கேக்கல. உனக்கு."

புரோக்கர் போனைக் கீழே இறக்கினார். அண்ணன் குழாயை இறுக்கி மூடினார். காது மடல் சிவந்துவிட்டது.

"தப்பா நெனச்சுக்கக் கூடாது" என்றார். "தனியா இருக்கணும்பா. ஒரே ஒரு ரூம் போதும். நான் போட்ட விளக்கை நான்தான் அணைக்கணும். துண்டைக் காயப்போட்டா போட்ட இடத்திலயே கெடக்கணும்."

"இதை மொதல்லயே சொன்னா என்ன?"

"சித்தி உன்னைப் பாத்துக்கச் சொன்னாங்களேடா. விட்டுட்டு எப்படிப் போறது?"

"அம்மா எங்கிட்ட உன்னைத்தான் பாத்துக்கச் சொன்னாங்க."

புரோக்கர் இருமிவிட்டு, "அப்ப ரெண்டு பேரா, மூணு பேரா? ஓனர்கிட்ட நான் என்ன சொல்ல?" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அண்ணன் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. நல்ல பையன் எதையும் கேட்க மாட்டான் என்று சின்ன வயதில் யாரோ தட்டிக்கொடுத்திருக்கிறார்கள். மனிதர் இத்தனை வருஷமாக எதையும் கேட்காமலே, வேண்டியதையெல்லாம் பக்கத்து ஆளின் முழங்காலில் ஏற்றி நடக்கவிட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

நாங்கள் இருவரும் அந்த வீட்டை எடுத்துக்கொண்டோம். அண்ணன் தனக்கு ஒரே மத்தியானத்தில் இடம் பிடித்துவிட்டார். போய்ப் பார்த்தோம். அச்சகத்துக்கு மேலே ஓர் அறை. இயந்திரம் ஓடும்போது தரை அதிர்ந்தது. ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்துத் தண்ணீர்த்தொட்டி. எங்களுக்காக அவர் வேண்டாமென்று சொன்ன எந்த வீடும் இதைவிட மோசமில்லை.

"பிடிச்சிருக்காண்ணே?" என்றான் சமையல்காரன், சத்தத்துக்கு மேலாக.

"ரொம்பப் பிடிச்சிருக்கு" என்றார். வால் இல்லாமல் சொன்னார். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கு வருகிறார். என்ன சாப்பிடுகிறீர்கள் என்றால் இன்னும் கொஞ்சம் திணறுகிறார். ஆனால் ஏதோ ஒன்றின் பெயரைச் சொல்லிவிடுகிறார்.

ஆக, எங்கள் வீட்டில் அந்தச் சின்ன அறை காலியாக இருக்கிறது. ஆள் தேடுகிறோம். வருகிறவரிடம் வேலையைக் கேட்பதில்லை, ஊரைக் கேட்பதில்லை. உங்களுக்கு என்ன வேண்டும் என்று மட்டும் கேட்கிறோம். சத்தம் ஆகாது என்பவர் வரலாம். குளியலறையில் அரை மணி நேரம் பாடுவேன் என்பவரும் வரலாம். சண்டை போட்டுக்கொள்ளலாம், ஒன்றும் குறைந்துவிடாது. ஆனால் படியேறி வந்து, அறையை ஒரு சுற்று பார்த்துவிட்டு, "இது எனக்கில்லைங்க, எனக்குத் தெரிஞ்ச ஒருத்தருக்காகத்தான் கேக்கறேன், அவருக்குத்தான் காத்து கொஞ்சம் வேணும்" என்று தொடங்குவதாக இருந்தால் தயவுசெய்து சிரமப்பட வேண்டாம்.

அந்த ஒருத்தர் யார் என்று எங்களுக்குத் தெரியும். இப்போது உங்கள் செருப்புக்குள் நின்றுகொண்டிருக்கிறார்.