கிழமை பார்த்து வந்த ஈரம்

நானும் ஒரு பெரிய கண்டுபிடிப்பைச் செய்திருக்கிறேன். அது ஆறு வாரம் உயிரோடு இருந்தது.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதிலும் ஆராய்ச்சி மாணவி. தலைக்கனத்துக்குக் கேட்கவா வேண்டும்? திருத்தணி பக்கத்தில் எங்கள் ஊரான கே.ஜி.கண்டிகையில், எங்கள் தரிசு நிலத்து மூலையில்தான் ஆய்வு. ஆவாரங்கன்றுகளில் பாதியை வேப்பமர நிழலிலும் பாதியை வெட்டவெளியிலும் நட்டேன். கோடையில் தண்ணீரே ஊற்றாமல் விட்டால் எது தாக்குப்பிடிக்கிறது என்று பார்க்க வேண்டும். மணிக்கொரு முறை மண்ணின் ஈரத்தைப் பதியும் கருவிகளைப் புதைத்துவிட்டுச் சென்னைக்குப் போனேன். அப்பாவிடம், எங்கள் பேச்சில் நைனாவிடம், "மாடு மிதிக்காம பாத்துக்கோ" என்று மட்டும் சொன்னேன். (மற்றதெல்லாம் அவருக்குப் புரியாது என்ற நினைப்பு.)

சித்திரையில் பதிவுகளை எடுத்துப் பார்த்தால், வெட்டவெளியில் மட்டும் திடீர் திடீரென்று ஈரம் ஏறியிருக்கிறது. ஒரு சொட்டு மழை இல்லை. இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் பொறி தட்டியது. விடியலில் திருத்தணி மலையிலிருந்து இறங்கும் குளிர்காற்றுதான் ஈரமாகப் படிகிறது! வரைபடத்தில் தேதிகளைக் குறித்த நான் கிழமையைப் பார்க்கவில்லை.

"நேர்லயே பாத்துடலாமே" என்றார் என் ஆய்வு நெறியாளரான பேராசிரியை. உதவித்தொகை அந்த வருடத்தோடு முடிகிறது. பதிவுகள் வீணானால் இன்னொரு கோடை எனக்குக் கிடையாது, பட்டமும் கிடையாது.

ஒரு வெள்ளிக்கிழமை விடியலில் நெறியாளர் உட்பட மூன்று பேராசிரியர்களுக்கு மலையைக் கைகாட்டி விளக்கிக்கொண்டிருந்தேன். குளிர்காற்றுக்குப் பதில் நைனா வந்தார். தோளில் குடம், கையில் சொம்பு.

"வாங்க சார், வாங்கம்மா" என்றவர், நேராகப் போய் முதல் கன்றுக்கு ஒரு சொம்பு ஊற்றினார்.

"நைனா! இன்னா பண்றே?"

"இன்னா பண்றேனா? நீ பாட்டுக்கு நட்டுட்டுப் பூட்டே. நெழல்ல கீறது நல்லா கீது. வெயில்ல கீறது வாடிகினு கெடக்குது. பாத்துகினு சும்மா போவ முடியுமா?"

"எப்பெல்லாம் ஊத்துவீங்க?" என்றார் நெறியாளர்.

"செவ்வா, வெள்ளிங்க. செடிக்கு ஒரு சொம்பு. மாசி கடைசிலேர்ந்து ஒரு நாள் உட்டதில்லே."

ஒரு பேராசிரியர் மலைப்பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. பூமி பிளந்து என்னை வாங்கிக்கொள்ளாதா என்று பார்த்தேன். கருவி புதைத்த குழிதான் இருந்தது, அதில் என் செருப்புகூட நுழையாது.

நெறியாளர் அங்கேயே மடிக்கணினியைத் திறந்தார். ஒவ்வொரு ஈரமும் செவ்வாய், வெள்ளி. அதே நேரம், அதே அளவு. "இவ்வளவு ஒழுங்கான உதவியாளர் எங்க லேப்ல ஒருத்தர்கூட இல்லம்மா" என்றார். அங்கேயே என் ஆய்வுக் கேள்வியும் மாறியது: நிழலுக்கு ஈடாக எத்தனை சொம்பு தண்ணீர்?

கேள்வி என்னவென்றே சொல்லாமல் விட்டுப்போன மகளுக்கு, அதைவிட நல்ல கேள்வியைக் கொடுத்தவர் நைனா. ஆய்வேட்டின் நன்றியுரையில் முதல் பெயர் அவருடையது.

பட்டம் வாங்கியாகிவிட்டது. இன்றும் ஊரில் நாலு தூறல் போட்டால் உடனே போன் வரும்.

"யம்மா, எழுதிக்கோ. இது நான் இல்லே."