வீட்டை விற்கச் சம்மதம்

மிங்கலாடோன், யாங்கோன்

அன்புள்ள தம்பி கோபிகிருஷ்ணனுக்கு அண்ணன் ராஜரத்தினம் ஆசி கூறி எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணி கமலாட்சியும் சுகம். பினாங்கில் நீயும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். வீடுதான் சுகமில்லை. நீ எத்தனையோ வருடமாக விற்கச் சொல்லியும், அம்மா கண்மூடிய வீடு என்று பிடிவாதம் பிடித்தவன் நான். இப்போது சம்மதிக்கிறேன். கையெழுத்துப் போட்ட சம்மதத் தாள் இத்துடன் வருகிறது.

தேக்குச் சட்டங்களுக்கு நடுவே செங்கல் வைத்துப் பூசிய வீடு என்று பெருமையாகச் சொல்வாயே, அதில் குடியிருப்பவன் பாடு உனக்குத் தெரியாது. மழைக்காலத்தில் மரம் உப்புகிறது, செங்கல் உப்புவதில்லை, அதனால் சன்னல் திறப்பதில்லை. வெயில் வந்தால் மரம் சுருங்கிச் செங்கலைக் கைவிட்டுவிடுகிறது, அந்த இடுக்கு வழியே பக்கத்து வீட்டு நூர் பீவி என்ன குழம்பு வைக்கிறாள் என்று உன் அண்ணி உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லிவிடுகிறாள், சுண்ணாம்பு வைத்து அடைத்தால் அடுத்த மழைக்கு அது பிதுங்கி என் சோற்றுத் தட்டில் விழுகிறது. போன மாதம் கரையான் தின்ற மாடிப்படி ஒன்று என் காலோடு கீழே வந்தது. கரண்டு எப்போது வரும் என்று தெரியாததால் அந்தப் படியை இருட்டிலேயே தாண்டப் பழகிவிட்டோம். விருந்தாளிகள்தான் இன்னும் பழகவில்லை.

சாய்மானம் வேறு. அம்மா பர்மிய வழக்கப்படி வீட்டுக் காவல் தெய்வத்துக்குக் கட்டிய தேங்காய், அப்பா காலத்தில் தூணை ஒட்டித் தொங்கியது. தேங்காயை மாற்றுகிறோமே தவிர, தூண் உச்சியில் கயிறு கட்டிய ஆணி அதே ஆணிதான். இப்போது தூணுக்கும் தேங்காய்க்கும் நாலு விரல் இடைவெளி. தச்சர் கோ சுப்புவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"ஜாக்கி வச்சு நிமித்திடலாம் அண்ணே. ஆனா ஒரு கதவும் சாத்த வராது."

"ஏனப்பா?"

"வீடு சாயச் சாய நான்தானே கதவ இழைச்சுக் குடுத்தேன். எல்லாம் கோணலுக்குச் செஞ்சது."

கதவு மட்டுமா, கட்டில், அலமாரி, அரிசிப் பானை என்று எல்லாவற்றுக்கும் ஒரு பக்கம் கட்டை வைத்திருக்கிறோம். வீட்டை நிமிர்த்தினால் மற்றதெல்லாம் சாயும். எனக்கு அலுத்துவிட்டது தம்பி. மனசு வலிக்கத்தான் செய்கிறது. கியாக்டடாவில் மகள் ரூபாவின் அடுக்குமாடி வீட்டுக்கே போய்விடுகிறோம். அங்கே தரை நேராக இருக்கிறது, கதவு ஒரு விரலால் தள்ளினாலே சாத்திக்கொள்கிறது.

உன் வீட்டுக் கூரை ஒழுகாமல், கதவெல்லாம் ஒழுங்காகச் சாத்த வந்து, எல்லோரும் தீர்க்காயுசாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அண்ணன்
ராஜரத்தினம்

பி.கு.: தபாலில் சேர்க்குமுன் ரூபா வீட்டில் சில நாள் இருந்து பார்த்தோம். நேரான தரையில் உன் அண்ணிக்குத் தலை சுற்றியது. நான் தண்ணீர் குடிக்கப் போய்ச் சுவரில் மோதினேன். கட்டிலின் இரண்டு காலுக்குக் கட்டை கேட்டதும் மருமகன் மோகன் என்னை டாக்டரிடம் கூட்டிப்போனார். ஒன்றுமில்லை, வீட்டுக்குப் போங்கள் என்றார் டாக்டர். நாங்கள் நம் வீட்டுக்கு வந்துவிட்டோம். படுத்ததும் தூக்கம் வந்தது. ஆனால் அதற்குள் வீடு இன்னும் கொஞ்சம் சாய்ந்திருக்க வேண்டும், கட்டில் ஆடியது. அளவான கட்டை கிடைக்கவில்லை. சம்மதத் தாளை எட்டாக மடித்துக் காலுக்கு அடியில் வைத்தேன், ஆட்டம் நின்றது. இனி அதை எடுக்க முடியாது.