புதன்கிழமை வகுப்பு

குதிரை விழுந்துவிட்டது.

மகளுடைய செலோ வாத்தியத்தின் வயிற்றின்மேல் தந்திகளைத் தாங்கி நிற்கும் சின்ன மரத்துண்டுக்குத்தான் குதிரை என்று பெயர். மெக்கானிக் ஒரு தந்தியைக் கொஞ்சம் தளர்த்தலாம் என்றுதான் நினைத்தான். ஒன்று போதாதோ என்று நான்கையும் தளர்த்தினான். படாரென்று ஒரு சத்தம். குதிரை சாய்ந்து வேனுக்குள் எங்கோ உருண்டது.

மண்டியிட்டுத் தேடி எடுத்தான். அவன் லிஃப்ட் மெக்கானிக். வழக்கப்படி அடியைத் திருப்பிப் பார்த்தான். திருகாணி இல்லை, பசையும் இல்லை. தந்திகள் இழுத்துப் பிடித்ததில் மட்டும் இத்தனை நாள் நின்றிருக்கிறது.

"இப்படியா ஒரு சாமானைச் செய்வாங்க?" என்று வேனிடம் கேட்டான்.

மகள் இசைப்பள்ளிக்குள் பெயர் கொடுக்கப் போயிருந்தாள். இன்று அவளுக்கு முதல் நிலைத் தேர்வு. அதில் அவள் தேறக் கூடாது.

விவாகரத்தில் வீடு மனைவிக்குப் போயிற்று, மகளும் மனைவிக்குப் போனாள். சனிக்கிழமை இவனுக்கு. முழுச் சனிக்கிழமைகூட அல்ல. செலோ வகுப்புக்குக் கூட்டிப்போய்க் கூட்டிவரும் அளவுக்கான சனிக்கிழமை. செலோ பார்ப்பதற்கு வயலினுக்குப் பெரியப்பா மாதிரி இருக்கும். அதைத் தூக்க ஒரு ஆள் வேண்டும் என்பதால் இவனுக்கு வாய்த்த வேலை. தேறிவிட்டால் இரண்டாம் நிலை. அந்த வகுப்பு புதன்கிழமை. புதன்கிழமை இவன் ஏதாவது ஒரு கட்டடத்தின் லிஃப்ட் குழிக்குள் இருப்பான். அவள் அம்மாவே கூட்டிப் போவாள்.

"சனிக்கிழமை சும்மாவாவது அவளைக் கூட்டிட்டுப் போறேனே" என்று போனில் கேட்டுப் பார்த்தான்.

"பாக்கலாம்" என்றாள் முன்னாள் மனைவி.

அவளோடு குடித்தனம் செய்தவனுக்கு அந்தப் 'பாக்கலாம்' எங்கே போய் முடியும் என்று தெரியும்.

போன இரண்டு வருடமும் மகள் தேறவில்லை. "சங்கீதம் நம்ம வம்சத்துக்கே ஆகாதுடா குட்டி" என்று ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தான். தேறிய பிள்ளைகள் அன்று சாயங்காலமே மேடையேறி, பெற்றவர்களுக்கு வாசித்துக் காட்டுவார்கள். அவள் கீழே உட்கார்ந்து அவர்களுக்குக் கைதட்டினாள். கைதட்டுவதில் குறை வைக்கவில்லை. திரும்பும்போது வேனில் தூங்கிப்போவாள். தூங்கிவிட்டால் அவன் ஊரை இன்னொரு சுற்றுச் சுற்றுவான்.

போன வாரம் டீச்சர் அவன் வயிற்றில் புளியைக் கரைத்தாள்.

"இந்தத் தடவை கண்டிப்பாத் தேறிடுவா சார். கை நல்லா வந்துடுச்சு."

"ஐயோ!"

"என்ன சார்?"

"சந்தோஷம்னு சொன்னேன்."

மகள் திரும்பி வந்தாள். தந்திகள் கொடியில் போட்ட துணி மாதிரித் தொங்கின.

"என்னப்பா ஆச்சு?"

"அதுவா விழுந்துடுச்சு."

"நாலு தந்தியும் அதுவா தளர்ந்துச்சா?"

"வெயில்ல நிக்குதில்ல."

அவள் வேனைப் பார்த்தாள். அது மரத்தடி நிழலில் நின்றது. "அப்போ இன்னைக்கு என்னால வாசிக்க முடியாதாப்பா?" என்றாள். குரல் லேசாக நடுங்கியது. அவனுக்குச் சுருக்கென்றது.

"அடுத்த வருஷம் பாத்துக்கலாம்டா."

"சரிப்பா" என்றாள் உடனே.

எவ்வளவு நல்ல பிள்ளை என்று நினைத்தான். அப்படி நினைத்ததும் தன்மேல் இன்னும் வெறுப்பு வந்தது.

அதற்குள் டீச்சர் இறங்கி வந்துவிட்டாள். "அட, இதுக்கா மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டு நிக்கிறீங்க? ஆபீஸ் ரூம்ல இவ அளவுக்குப் புதுசு ஒண்ணு இருக்கு. அதுல வாசிக்கட்டும்."

புது செலோவின் தந்தியை டீச்சர் ஒரு தரம் சுண்டிக் காட்டினாள். பழைய செலோ ஆயுளில் அப்படி ஒரு சத்தம் கொடுத்ததில்லை. குரங்கு பிடிக்கப் போனது பிள்ளையாராகிவிட்டது.

"சீக்கிரம் மேல வாங்க. கூப்பிடும்போது ஆள் இல்லேன்னா அப்புறம் அடுத்த வருஷம்தான்" என்று சொல்லிவிட்டு டீச்சர் படியேறினாள்.

அந்த வார்த்தை அவனுக்குள் தங்கிவிட்டது.

தேர்வு மேல் மாடியில். அந்தக் கட்டடத்து லிஃப்ட் பழசு. அந்த வகையை அவனுக்குத் தன் கைரேகை மாதிரித் தெரியும். நடுவழியில் நிறுத்தினால், மோட்டார் ஆறும்வரை யார் தலைகீழாக நின்றாலும் கிளம்பாது. சட்டைப் பையில் லிஃப்டை நிறுத்தும் சாவி இருந்தது. வேலையிலிருந்து நேராக வந்ததால் கையில் கருவிப் பெட்டியும் இருந்தது.

அவனும் மகளும் புது செலோவோடு லிஃப்டில் ஏறினார்கள். கதவு மூடும் நேரத்தில் வயதான ஓர் அம்மாள் பிளாஸ்க்கும் கையுமாக உள்ளே நுழைந்தார்.

"இடம் இருக்காப்பா? முழங்கால் வலி. படியேற முடியல."

இந்தம்மாளும் சேர்ந்து கொஞ்ச நேரம் நிற்கட்டும், என்ன குறைந்துவிடும் என்று நினைத்தான். மகள் பொத்தான்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, முதுகுக்குப் பின்னால் கையை விட்டுச் சாவியைத் திருகினான். லிஃப்ட் குலுங்கி நின்றது.

"கரண்ட் கோளாறு. இப்போ வந்துடும்" என்றான்.

அம்மாளின் முகம் வெளுத்தது. "எனக்கு மூடின இடம்னா ஆகாதுப்பா. மூச்சு முட்டுது."

அவன் பதறிப்போய்ச் சாவியைத் திரும்பத் திருகினான். லிஃப்ட் அசையவில்லை.

"பயப்படாதீங்கம்மா. நான் லிஃப்ட் மெக்கானிக்தான்."

"அப்போ சரி பண்ணுப்பா!"

"பண்ணிட்டுத்தாம்மா இருக்கேன்."

"அப்புறம் ஏன் நிக்குது?"

இதற்கு அவனிடம் பதில் இருந்தது. சொல்ல முடியாத பதில்.

அம்மாள் சுவரில் சாய்ந்து சரிந்தார். மகள் கருவிப் பெட்டியை இழுத்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். செலோவை மடியோடு சாய்த்துக்கொண்டாள்.

"ஆன்ட்டி, கண்ணை மூடிக்கோங்க. நான் வாசிக்கிறேன். இது முடியறதுக்குள்ள கதவு திறந்துடும்."

வாசித்தாள்.

மெக்கானிக்குச் சங்கீதக் காது கிடையாதுதான். ஆனால் எந்த இயந்திரம் சரியாக ஓடுகிறது என்று அவனுக்குச் சத்தத்தில் தெரியும். இதில் உரசல் இல்லை, தட்டல் இல்லை. வில் போவதும் வருவதும் தூங்குகிறவர் மூச்சு மாதிரி இருந்தது. அம்மாளின் மூச்சு மெல்ல மெல்ல அதோடு சேர்ந்துகொண்டது. இவ்வளவும் எப்போது கற்றாள் என்று நினைத்தான். பெருமையாக இருந்தது. இவள் தேறாமல் வேறு யார் தேறுவார்கள் என்று பயமாகவும் இருந்தது.

லிஃப்ட் உசும்பி, மேலே ஏறியது. அம்மாள் மகளின் கன்னத்தைத் தொட்டுவிட்டு, முகம் கழுவ ஓடினார்.

டீச்சர் வாசலிலேயே நின்றாள்.

"லேட்டாயிடுச்சா?" என்றான் மெக்கானிக், ஆசையை மறைத்துக்கொண்டு.

"பதறாதீங்க சார். இந்த வருஷம் தேர்வு வைக்கப் புதுசா வந்த தேர்வாளரே இன்னும் வரல. லிஃப்ட்ல மாட்டிக்கிட்டாங்களாம், பாவம். முகம் கழுவப் போயிருக்காங்க."

அவன் சுவரைப் பிடித்துக்கொண்டான். மகளின் முகம் அவனுடையதைவிட மோசமாகிவிட்டது.

"அந்த ஆன்ட்டியா?" என்றாள்.

அவளை உள்ளே கூப்பிட்டார்கள். கதவு மூடியது. மெக்கானிக் காதை வைத்துக் கேட்டான். எண்ணெய் காணாத கப்பி கத்துகிற மாதிரி ஒரு சத்தம். பிறகு வில் வழுக்கியது. நின்றது. மறுபடி கப்பி.

அவன் நெஞ்சில் பால் வார்த்தாற்போல் இருந்தது. பெற்ற பெண் தடுமாறுவதைக் கேட்டு நெஞ்சு குளிர்கிறவன் உலகில் தான் ஒருவனாகத்தான் இருக்கும் என்று தோன்றியது. காதை எடுத்துவிட்டான்.

அவள் வெளியே வந்தாள்.

"எப்படிடா?"

"ரொம்ப மோசம்பா."

"போகட்டும் விடு. ஐஸ்கிரீம்?"

"ரெண்டு."

வெளியே இருந்த பெஞ்சில் அவர்களைப் போல நிம்மதியாக வேறு யாரும் உட்கார்ந்திருக்கவில்லை.

சாயங்காலம் டீச்சர் தேறியவர்களின் பெயர்களை வாசித்தாள். கடைசிப் பெயர் மகளுடையது. மெக்கானிக் பழக்கதோஷத்தில் கைதட்டிவிட்டு, பிறகுதான் நிறுத்தினான்.

மகள் எழுந்தாள். "இல்ல, தப்பா சொல்றாங்க" என்று தேர்வாளர் அறைக்கு ஓடினாள். வெளியே வந்தபோது கண்கள் சிவந்து வீங்கியிருந்தன.

"ஆனந்தக் கண்ணீர்" என்றாள் பக்கத்திலிருந்த ஒரு தாய்.

"ஆமா" என்றான். "சபாஷ் குட்டி" என்று மகளிடம் சொன்னான். அவள் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். டீச்சர் வந்து அந்தக் கையை விடுவித்து மேடைக்குக் கூட்டிப்போனாள்.

அவளுடைய முறை வந்தது. நாற்காலியில் உட்கார்ந்தாள். வில்லை எடுத்தாள், ஆனால் தந்தியில் வைக்கவில்லை. கூட்டத்தில் அவனைத் தேடினாள். அவன் கையை உயர்த்திக் காட்டினான். சிரித்தும் காட்டினான். எல்லாத் தகப்பன்மாரும் அப்படித்தான் செய்தார்கள்.

பக்கத்து நாற்காலியில் தேர்வாளர் அம்மாள் வந்து உட்கார்ந்தார்.

"லிஃப்ட்ல கேட்டதுக்குத்தான் மார்க் போட்டேன் தம்பி" என்றார் மெதுவாக. "மூணு வருஷமா வேணும்னேதான் தப்பா வாசிக்கிறாளாம், 'ஃபெயில் போட்டுடுங்க ஆன்ட்டி, புதன்கிழமைன்னா எங்கப்பா வர மாட்டாரு'ன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழறா."