மீன்தலைக் கறியும் கால்வாய் மட்டமும்

உலகத்தில் எல்லாரும் மூளையில் நினைவு வைத்துக்கொள்கிறார்கள். வயிற்றில் வைத்துக்கொண்டவர் எனக்குத் தெரிந்து மக்கான் அண்ணன் ஒருவர்தான். பெற்றோர் வைத்த பெயர் என்று ஒன்று இருந்திருக்கும், சம்பளம் போடுகிறவருக்குத் தெரிந்திருக்கலாம். மலாயில் 'மக்கான்' என்றால் சாப்பாடு. காலையில் நாம் வணக்கம் சொன்னால் அவரிடமிருந்து, "இன்னிக்கு எங்க மக்கான்?" என்றுதான் பதில் வரும். அதனால் அந்தப் பெயர்.

நான் முதலில் வேலை பார்த்த அந்த சிவில் இஞ்சினியரிங் ஆபீஸ், ஜார்ஜ்டவுனில் ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் இருந்தது. கீழே நாசி கண்டார் என்கிற சோறு-கறிக் கடை. அண்ணன் எங்கள் டிராஃப்ட்ஸ்மேன். சாலையையும் வடிகாலையும் கணினியில் வரைவார். கீழே கறி கொதிக்க ஆரம்பித்ததும் மேலே அவர் வரைகிற நேர்கோடு கொஞ்சம் படிக்கட்டுப் பக்கமாக வளையும் என்று பாஸ் சொல்லுவார்.

அண்ணனின் கணினியோ அவரைவிடப் பெரிய ஆள். உள்ளே இருக்கும் பேட்டரி செத்துப்போய், தினமும் காலையில் போட்டால் தான் பிறந்த வருடத்துக்கே போய் நிற்கும். அதற்கு எல்லா நாளும் ஒரே நாள்தான். வைரஸ் வரும் என்று இண்டர்நெட் கேபிளையும் அண்ணன் பிடுங்கி வைத்திருந்தார்.

மதியம் சாப்பிட்டுவிட்டு ஏப்பத்தோடு வருவார். கையில் பென் டிரைவ். "இன்னிக்கு யாரு எதத் தொட்டீங்க?" என்று மேசை மேசையாகக் கேட்டு, அன்று வேலை நடந்த ஃபைல்களை வாங்கிப்போய்த் தன் கணினியில் திறந்து, புதுப் பெயரில் சேமித்துவிடுவார். பெயர் என்ன? அன்று அவர் சாப்பிட்டது. 'கணவாய் சம்பல்', 'பசெம்போர்', 'மீ கோரேங் முட்டை இல்லாமல்'. கடைசியில் எல்லாம் ஒரு ஹார்ட் டிஸ்குக்குப் போகும். அந்த டிஸ்கைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, ரப்பர் பேண்ட் மாட்டி, தபாவ் கட்டி வாங்கிய பார்சல் சாதம் மாதிரி டிராயரில் வைப்பார்.

"அண்ணே, தேதி போட்டு வைக்கக்கூடாதா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"தேதியா? போன மாசம் பன்னண்டாந்தேதி நீ என்ன செஞ்ச, சொல்லு."

என் டைரியைத் தேடினேன்.

"பாத்தியா? அன்னிக்கு எனக்கு பசெம்போர். ரோட்டுக்கு அடியில போற பைப்ப மாத்தினோம். கடலை சாஸ் பத்தல."

பைப் விஷயம் உண்மை. சாஸ் பற்றி எனக்குத் தெரியாது. ஒரு மீட்டிங்கில், சாலையை எப்போது நகர்த்தினீர்கள் என்று கட்டுமானக்காரர் கேட்டபோதும் அண்ணன், "கணவாய் சம்பல் அன்னிக்கு" என்றார். அந்த மனிதரும் பயபக்தியோடு குறித்துக்கொண்டார்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். பத்து காவான் என்ற ஊரில், முன்பு எஸ்டேட்டாக இருந்த நிலத்தில் ஒரு வீடமைப்புத் திட்டம். வடிகால் முழுக்க என் பொறுப்பு. நான் இன்னும் வேலையில் நிரந்தரமாகவில்லை. சமர்ப்பிக்க ஒரு வாரம் இருக்கும்போது சாலை மட்டத்தை இறக்கச் சொல்லிவிட்டார்கள். சாலை இறங்கினால் கால்வாய்களும் இறங்க வேண்டும், ஒவ்வொன்றாக. பாதிகூட முடிக்கவில்லை, கெலுகோர் வீட்டிலிருந்து மனைவி போன் பண்ணினாள். "வலி வந்துடுச்சுங்க, வாங்க!" போட்டது போட்டபடி ஓடினேன். பெண் குழந்தை. ஒரு வாரம் லீவு.

திரும்பி வந்த அன்றுதான் கடைசி நாள். ஆபீஸ் நேரம் முடிவதற்குள் இலாகாவுக்கு இணையத்தில் அனுப்பியாக வேண்டும். ஃபைலைத் திறந்தால், அட, எல்லாக் கால்வாயும் அழகாக இறங்கி இருக்கிறது! பாஸ்தான் யாரையோ வைத்து முடித்திருப்பார் என்று நினைத்து, "ரொம்ப தேங்க்ஸ் பாஸ்" என்றேன். பாஸும் எதற்கு என்று கேட்காமல் பெருந்தன்மையாகத் தலையாட்டினார்.

படத்தில் தேதியை மட்டும் மாற்றி 'சேவ்' அழுத்தினேன். அந்த நொடியில் மொத்த ஆபீசும் அணைந்தது. ஆபீஸ் பின்கட்டுச் சமையலறையிலிருந்து அண்ணனின் குரல்: "அலாமாக்!"

மைக்ரோவேவில் நேற்றைய ஆட்டுக்கறி, கெட்டிலில் தண்ணீர், குக்கரில் சோறு, எல்லாம் ஒரே பிளக்கில். என் மேசைக்கு வாங்கிய யுபிஎஸ் எங்கே என்று நீங்கள் கேட்கலாம். அது அண்ணனின் குட்டி ஃப்ரிட்ஜுக்குக் காவல் இருந்தது. என் ஃபைல் போய்விட்டது. அவருடைய சம்பல் மட்டும் குளுகுளு என்று பத்திரமாக இருந்தது.

கரண்ட் வந்ததும் ஃபைலைத் திறந்தேன். பழுது என்றது. "நகரு, நான் பாக்குறேன்" என்று பாஸ் உட்கார்ந்து, எப்படியோ அரைகுறையாகத் திறந்து, பழக்கதோஷத்தில் சேவ் வேறு அழுத்திவிட்டார். மென்பொருள் தானாக எடுத்து வைத்திருந்த பழைய பிரதியின் மேலும் அந்தக் குப்பை ஏறிவிட்டது.

"யாரும் தொடாதீங்க லா!" கையைத் துடைத்துக்கொண்டே அண்ணன் ஓடி வந்தார். "மொதல்ல ஒரு காப்பி எடுக்கணும். அடிபட்டவன எழுப்பி ஓடச் சொல்வீங்களா?"

காப்பி எடுத்து, மீட்கும் கட்டளையைக் கொடுத்தார். நெடுநேரம் யோசித்துவிட்டுப் படம் திறந்தது. கோடுகள் எல்லாம் இருந்தன. மட்டங்கள் மட்டும் அத்தனையும் பூஜ்யம். பத்து காவான் முழுக்கக் கடல் மட்டத்துக்கு வந்திருந்தது.

பாஸ் என்னைப் பார்த்தார். "தம்பி, இது இன்னிக்குப் போகலன்னா ப்ராஜெக்ட் வேற ஆபீசுக்குப் போயிடும். அப்புறம் உன்ன வெச்சிக்கிட்டு நான் என்ன பண்றது, சொல்லு."

வீட்டில் பிறந்து ஒரு வாரமே ஆன குழந்தை.

அண்ணன் ரப்பர் பேண்டை அவிழ்த்து டிஸ்கை வெளியே எடுத்தார். திறந்தால், அது கணினி மாதிரியே இல்லை, கீழ்க்கடையின் மெனுப் பலகை மாதிரி இருந்தது. தேதியோ எல்லாவற்றிலும் ஒன்றே. 'மீன்தலைக் கறி'யைத் திறந்தோம். சாலை பழைய மட்டத்தில் இருந்தது.

"இது முந்தின நாளு. மட்டம் எறக்கினது மறுநா" என்று அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். "மறுநா என்ன சாப்பிட்டேன்..."

மூக்கைக்கூட உறிஞ்சிப் பார்த்தார்.

"ஞாபகமே வரல லா தம்பி!"

அவர் மறந்து நான் பார்த்தது அன்றுதான். தோசை, ரோஜாக், லக்சா என்று ஒவ்வொன்றாகத் திறந்தோம். எல்லாம் அதற்கும் பழசு. கடைசியில் மூலையில் ஒரு ஃபைல் கண்ணில் பட்டது.

"அண்ணே, அது என்ன?"

"ஒண்ணுமில்ல."

"அதான் ஒண்ணு இருக்கே, அந்த மூலையில!"

"அதான் தம்பி, ஒண்ணுமில்ல."

"கண்ணுக்குத் தெரியுதுண்ணே, ஒண்ணுமில்லன்னா எப்படி?"

"ஐயோ, அதோட பேரே ஒண்ணுமில்ல!"

"மொதல்ல தெற லா!" என்று பாஸ் கத்தினார்.

திறந்தது. சாலை புது மட்டம். கால்வாய்கள் ஒன்றுவிடாமல் இறங்கி, கடைசிக் குளம் வரைக்கும் சரியான சரிவு. வயிற்றில் பாலை வார்த்த மாதிரி இருந்தது. நான் நாற்காலியில் உட்கார மறந்து தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். தேதியை மாற்றி, அண்ணன் ஐந்து இடத்தில் காப்பி எடுத்த பிறகு அனுப்பினோம். கிடைத்தது என்று பதிலும் வந்தது. பாஸ் என் முதுகில் தட்டி, "குழந்தைக்கு என்ன பேரு?" என்று அப்போதுதான் கேட்டார்.

அண்ணனைக் கீழே கடைக்குக் கூட்டிப்போனேன். மீன்தலைக் கறி சொன்னேன். அவர் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. மட்டம் இறக்கினது என் மகள் பிறந்த அன்று. பாதி வேலையைப் போட்டுவிட்டு நான் ஓடிய அன்று. ஃபைலுக்குப் பெயர், 'ஒண்ணுமில்ல'.

"அண்ணே, அன்னிக்கு என் மேசையில ஒக்காந்து முடிச்சது நீங்கதானா?"

அவர் மீன் கன்னத்துச் சதையை முள் எடுத்து என் தட்டில் வைத்தார்.

"மத்தியானம் சாப்பிடவே இல்லயா?"

"பசிக்கல லா" என்றார்.

பசிக்கலையாம். மக்கான் அண்ணனுக்கு.