இஸ்திரி போட்ட மாவு

அன்று காலை இரண்டு வயதுப் பாப்பா கிண்ணத்தை வழித்து நக்கிவிட்டு, "இன்னும்" என்றாள். அவள் அம்மா இஸ்திரிக்காரி இரண்டு கரண்டி சத்துமாவைக் கூடுதலாகக் கரைத்துக் கொடுத்தாள். அரசு மாதாமாதம் இலவசமாகக் கொடுக்கும் மாவு. அந்த வீட்டில் அதை யாரும் சந்தேகப்படாத கடைசி நாள் அது.

மறுநாள் நாத்தனார் மூச்சிரைக்க வந்தாள். "அண்ணி, அந்த மாவத் தொடாதீங்க! விஷம் கலந்திருக்காம். ஊசல் மகான் கண்டுபிடிச்சுட்டாரு!"

ஊசல் மகான் போன வருஷம் வரை கொத்தனார். அவர் எழுப்பிய சுவர் எதுவும் நேராக நின்றதில்லை. சுவர் பார்த்த தூக்குக்குண்டை இப்போது மாவுப் பொட்டலத்தின்மேல் தொங்கவிட்டார். வலமாகச் சுற்றினால் அமுதம், இடமாகச் சுற்றினால் விஷம். அரசு முத்திரையைக் கண்டால் குண்டுக்கு இடப்பக்கம் தவிர வேறு திசை தெரியாது. விஷத்தை அங்கேயே விட்டுவிட வேண்டும், மகான் 'அழித்துவிடுவார்'. பதிலுக்கு மஞ்சள் பையில் அருள்மாவு கிடைக்கும். காணிக்கை அவரவர் விருப்பம். விருப்பம் எவ்வளவு என்று பலகையில் எழுதியிருந்தது.

வரிசை ஐந்து தெரு நீண்டது. அதில் உணவுப் பாதுகாப்பு அதிகாரியும் நின்றார். அந்த மாவைச் சோதித்து, நல்ல மாவு என்று கையெழுத்துப் போட்டவரே அவர்தான்.

"சார், நீங்களுமா?"

"எதுக்கும் ஒரு தடவ பாத்துடலாமேம்மா. வீட்ல சொன்னாங்க."

தன் கையெழுத்தை அவரே நம்பவில்லை. இஸ்திரிக்காரி எதை நம்புவாள்? அடுத்த நான்கு மாதமும் கிடைத்த பொட்டலங்களை அப்படியே குண்டின்முன் வைத்துவிட்டு வந்தாள். அருள்மாவு ஒரு பைக்குமேல் அவளுக்குக் கட்டுப்படியாகவில்லை. பாப்பாவின் கஞ்சி நாளுக்கு நாள் தண்ணீரானது.

அங்கன்வாடி மையத்தில் பிள்ளைகளைத் துணித்தூளியில் இட்டுத் தராசில் தொங்கவிடுவார்கள். அங்கேயும் ஒரு முள் ஆடியது. ஒவ்வொரு மாதமும் கொஞ்சம் குறைந்த எடையில் நின்றது.

"மாவு குடுக்கறியாம்மா?" என்று மையத்து அக்கா கேட்டாள்.

"குடுக்கறேங்க்கா" என்று இஸ்திரிக்காரி பொய் சொன்னாள்.

பிறகு வந்தது சாதாரணக் காய்ச்சல்தான். தெருவில் எல்லாப் பிள்ளைகளுக்கும் வந்தது. மற்றப் பிள்ளைகள் எழுந்து விளையாடப் போய்விட்டன.

பாப்பா போன இருபதாம் நாள், ஆறு மாத வயிற்றோடு இருந்த நாத்தனார் தன் சத்துமாவுப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். "மகான்கிட்டப் போறேன் அண்ணி. பாப்பாவே முன்னாடி சாப்பிட்ட விஷத்துலதான் போனாளாம். அவர்தான் சொன்னாரு."

இஸ்திரிக்காரி அவள் வயிற்றைப் பார்த்தாள். "உன்கிட்ட அருள்மாவு இருக்கில்ல? அதையும் எடுத்துட்டு வா."

இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கினாள். அரசுப் பொட்டலத்தின் ஓரத்தைக் கத்தரித்து மாவைக் கொட்டினாள். அதில் அருள்மாவை நிரப்பினாள். ஓரத்தில் காகிதம் வைத்து ஒரே இழுப்பு, பிளாஸ்டிக் ஒட்டிக்கொண்டது. அரசு மாவு மஞ்சள் பைக்குப் போனது.

"என்ன அண்ணி பண்றீங்க?"

"என் தொழிலத்தான்."

இருவரும் மகானிடம் போனார்கள். அரசுப் பொட்டலத்தின்மேல் குண்டு இடமாகச் சுழன்றது. "கொடிய விஷம், தாயி! வயித்துல இருக்கறது தங்காது!" மஞ்சள் பையின்மேல் வலமாகச் சுழன்றது. "அமுதம்!"

"எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லுங்க, மகானே."

சொன்னார். தெருவே கேட்டது.

"விஷம்னு சொன்னீங்களே, அது உங்க அருள்மாவு. நான்தான் இஸ்திரி போட்டு ஒட்டினேன். அமுதம்னு சொன்னது அரசாங்க மாவு."

"சோதிக்கறவ மனசு சுத்தமில்ல!"

"அப்ப கண்ணக் கட்டிக்குங்க. நான் ஒண்ண வைக்கறேன், எதுன்னு குண்டே சொல்லட்டும்."

மடிப்புக் கலையாத கைக்குட்டையால் கட்டினாள். குண்டு அசையவில்லை. மகானின் வாழ்க்கையில் முதல்முறையாக அது நேராகத் தொங்கியது.

கூட்டம் பின்னறைக்குள் பாய்ந்தது. அங்கே ஆளுயரத்துக்கு வெற்று அரசு உறைகள், பக்கத்தில் பாதி நிரப்பிய மஞ்சள் பைகள். இஸ்திரிக்காரி மாற்றியது உறையை மட்டும்தான். உள்ளே இருந்தது எப்போதும் ஒரே மாவு.

"எனக்கு அப்பவே சந்தேகந்தான்" என்றார் அதிகாரி.

"சந்தேகத்த வரிசையில நின்னுதான் தீத்துக்குவாங்களா சார்?" என்றாள் அவள். பிறகு கூட்டத்தைப் பார்த்தாள். "தராசும் தொங்கற இரும்புதான், குண்டும் தொங்கற இரும்புதான். புள்ளையத் தாங்கின இரும்பு மாசாமாசம் உண்மையச் சொல்லுச்சு. ஒருத்தன் விரல் ஆட்டின இரும்ப நான் நம்பினேன். நீங்களாவது யோசிங்க."

அன்று நாத்தனார் அரசு மாவுக் கஞ்சியை நின்றபடியே குடித்தாள்.

மையத்துச் சுவரில் எடை அட்டவணை இன்னும் இருக்கிறது. பாப்பாவின் கோட்டில் கடைசிப் புள்ளி ஏழு கிலோ நூறு கிராம்.