சோடாக்கடைக் குப்பண்ணன் வீட்டுப் பள்ளத்திகள்

எல்லையோரக் கோபாலபுரத்தில் சோடாக்கடை வைத்திருந்த குப்பண்ணனுக்கு ஒரு பகையாளி உண்டு. வெளியாள் இல்லை. மனைவி சாந்தம்மாளின் அண்ணன், ஆனைமலை வீரபாண்டி. ஒரு கல்யாணப் பந்தலில் நாலு பேர் பார்க்க, வீரபாண்டி குப்பண்ணனின் சோடாவை ஒரு வாய் குடித்துவிட்டு, "ஏனுங்க மாப்ளே, காத்து போட மறந்துட்டீங்களாட்ட இருக்குது?" என்று கேட்டுவிட்டான். பந்தலே சிரித்தது. குப்பண்ணன் மட்டும் சிரிக்கவில்லை.

"இனிச் செத்தாலும் உன்ற ஊட்டு வாசல மிதிக்க மாட்டேன்!" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வண்டியேறிவிட்டார்.

இப்போது அந்த வீரபாண்டியின் மகளுக்குக் காதுகுத்து வந்திருந்தது.

"அத்தை சீர் இல்லாமக் காதுகுத்தறதாங்க?" என்றாள் சாந்தம்மாள்.

"நீயும் போக வேண்டாம், சீரும் போக வேண்டாம்."

"ஒரம்பரைச் சனம் என்ன பேசும்?"

"சோடாவுல காத்தில்லைன்னு பேசும். பேசட்டும்."

சாந்தம்மாள் அதற்குமேல் கேட்கவில்லை. அவள் கேட்பதை நிறுத்தினால்தான் பயப்பட வேண்டும் என்பது இத்தனை வருஷக் குடித்தனத்தில் குப்பண்ணனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் அவர் மனசு முழுக்க மீனில் கிடந்தது.

மீன் வந்த கதை இது. மலைத் தோட்டத்துத் துரை ஒருவருடைய மோட்டார் ஒருநாள் ஆவி கக்கிக்கொண்டு கடை வாசலில் நின்றது. குப்பண்ணன் மோட்டாருக்குத் தண்ணீரும் துரைக்குச் சோடாவும் ஊற்றினார். கடைப் பலகைமேல் ஒரு கண்ணாடி ஜாடி. அதற்குள் பக்கத்துச் சித்தூர் ஆற்றில் பிடித்த பள்ளத்தி இரண்டு. உள்ளங்கைக்குள் அடங்கும் மீன். உடம்பெல்லாம் பழுத்த மாம்பழ நிறம், விலாவில் மை வைத்தாற்போல ஒரு கறுப்புப் பொட்டு. துரை சோடாவை மறந்து ஜாடியையே பார்த்தார். பிறகு மளமளவென்று என்னவோ சொன்னார். டிரைவர் சகாயம் தமிழாக்கினான்.

"தொரை பங்களாவுல பெரிய கண்ணாடித் தொட்டி வச்சு இதே மீனத்தான் வளக்காரு. முட்டை போடுதாம். ஆனா குஞ்சு வாரதுக்கு முன்னாடி பெத்ததுகளே தின்னுருதாம். அதுதான் அவருக்குப் பெரிய வருத்தம்."

"நம்ம ஊட்டுல பொரிக்குமுங்க" என்றார் குப்பண்ணன். ஏன் சொன்னார் என்று அவருக்கே தெரியாது. வாய் சொல்லிவிட்டது.

துரை வாய்விட்டுச் சிரித்துவிட்டு ஏதோ சொன்னார்.

"பொரிச்சுக் காட்டினா தோட்டத்து கிளப்புக்கு இனி உங்க சோடாதானாம். அடுத்த மாசம் இதே வழியா எறங்குவாரு" என்றான் சகாயம்.

கடையிலிருந்த அத்தனை பேரும் கேட்டார்கள். சாயங்காலத்துக்குள் ஊரே கேட்டது. இனிப் பின்வாங்க வழியில்லை.

அன்றைக்கே குப்பண்ணன் சாந்தம்மாளின் கண்ணாடி அலமாரியைப் பிரிக்க ஆரம்பித்தார்.

"அது எங்கண்ணன் சீரா குடுத்த அலமாரிங்க!"

"அதனாலதான் கை இவ்வளவு சுளுவாப் போகுது."

தேக்குச் சட்டத்தில் கண்ணாடிகளைத் தார் வைத்து ஒட்டித் தொட்டி தயாரானது. அடியில் ஆற்று மணல், ஓரத்தில் உடைந்த ஓட்டுத் துண்டு ஒன்று, நடுவில் கவிழ்த்த கொட்டாங்குச்சி. பள்ளத்திகள் கொட்டாங்குச்சியைச் சுற்றிச் சுற்றி வந்து, அதன்மேல் கடுகு ஒட்டினாற்போல் முட்டையிட்டன. மறுநாள் பார்த்தால் கொட்டாங்குச்சி வழித்துத் துடைத்த சட்டி மாதிரி இருந்தது. தின்றுவிட்டன. இரண்டாம் தடவையும் அதே கதி.

குப்பண்ணன் யோசித்தார். வீட்டுச் சத்தத்தில் மிரண்டுதான் தின்கின்றன என்று முடிவுகட்டினார். மூன்றாம் தடவை முட்டை தெரிந்ததும் தொட்டிக்குமேல் ஒரு வேட்டியைத் திரையாகப் போட்டுவிட்டுச் சட்டம் போட்டார்.

"இனி இந்த ஊட்டுல உரல் இடிக்கக் கூடாது. அம்மி அரைக்கக் கூடாது. பாத்திரம் உருட்டக் கூடாது. முக்கியமா, பேச்சு கூடாது."

"தும்மலுங்க?"

"வெளிய போய்த் தும்மு. நான் கடைக்குப் போயிருக்கையில நீதான் காவல்."

சாந்தம்மாள் தலையாட்டினாள். சட்டத்தை ஒரு இம்மி பிசகாமல் நடத்தவும் செய்தாள். அம்மி ஓடாததால் குழம்பு இல்லை. உரல் இடிக்காததால் கம்பஞ்சோறு இல்லை. குப்பண்ணன் தினமும் பழைய சோற்றையும் மோரையும் விழுங்கினார். "ஒரு தொவையல்கூடவா இல்ல?" என்று கேட்டதற்கு, சாந்தம்மாள் உதட்டில் விரல் வைத்துத் தொட்டியைக் காட்டினாள். வேலையெல்லாம் சீக்கிரம் முடிந்துவிட்டதால் அவள் பகல் முழுக்கத் திரையை விலக்கி மீனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆணும் பெண்ணும் முறைபோட்டு முட்டைக்குத் துடுப்பால் விசிறின. ஒன்று இரை எடுக்கப் போனால் மற்றது காவல் நின்றது. அவை பேசிக்கொள்ளவில்லை, ஆனாலும் குடித்தனம் நடந்தது.

துரை வருகிற நாள் வந்தது. குப்பண்ணன் துவைத்த வேட்டி கட்டி, நெற்றி நிறைய விபூதி பூசி, மதியம் கடையை அடைத்துவிட்டு வந்து திரையை மெல்ல விலக்கினார்.

கொட்டாங்குச்சியில் ஒன்றுமில்லை.

குனிந்து பார்த்தார். மண்டியிட்டுப் பார்த்தார். கண்ணாடியில் மூக்கை அழுத்திப் பார்த்தார். சுத்தமாக ஒன்றுமில்லை.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டுக் குருவம்மாள் இரைக்க இரைக்க ஓடி வந்தாள். "அண்ணா! தொரை மோட்டாரு சுங்கச் சாவடியில நிக்குது! கேட்டு தொறந்தா நேரா இங்கதான். பின்னால ஒரு கூட்டமே வருது, மீனுக் குஞ்சு பாக்கோணும்னு!"

குப்பண்ணன் தரையில் உட்கார்ந்துவிட்டார். கிளப்புச் சோடா போகட்டும். இந்த ஊரில் இனி எப்படித் தலைகாட்டுவது? இந்தச் சேதி ஆனைமலைக்குப் போனால் வீரபாண்டி எத்தனை வருஷத்துக்குச் சிரிப்பான்?

"போச்சு! அத்தனையும் தின்னு போட்டுது!" என்றார். "காவலிருந்தவ என்ன பண்ணுன?"

சாந்தம்மாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "குஞ்சு இருந்தா எங்கண்ணன் ஊட்டுக் காதுகுத்துக்குப் போலாமுங்களா?"

"இந்த நேரத்துல காதா? தொரை வந்துட்டிருக்கறான் புள்ள!"

தூரத்தில் மோட்டார் ஹார்ன் கேட்டது.

"போலாமுங்களா?"

"குஞ்சு மட்டும் இருந்தா, ஆனைமலைக்கென்ன, உங்கண்ணன் கால்லயே உழுகறேன்!"

"கால்ல எல்லாம் உழுக வேண்டாமுங்க. வந்தாப் போதும். மாரியாத்தா மேல சொல்லுங்க."

"மாரியாத்தா மேல சத்தியம்!"

"குருவக்கா, கேட்டுக்கிட்டீங்களா?"

"நல்லாக் கேட்டுது" என்றாள் குருவம்மாள்.

சாந்தம்மாள் திரையை முழுக்க விலக்கி, கொட்டாங்குச்சியை விட்டு, ஓரத்து ஓட்டுத் துண்டுக்குப் பின்னால் விரலை நீட்டினாள். மணலில் ஒரு சின்னக் குழி. குழி நிறைய மணல் துடித்துக்கொண்டிருந்தது. உற்றுப் பார்த்தார் குப்பண்ணன். மணல் இல்லை. கண்ணும் வாலுமாக நூற்றுக்கணக்கில் குஞ்சுகள்! தாயும் தகப்பனும் குழிக்குமேல் நின்று விசிறிக்கொண்டிருந்தன.

"பேரே பள்ளத்தி. பள்ளம் தோண்டாம வேறென்ன செய்யுமுங்க?" என்றாள் சாந்தம்மாள். "காத்தால பொரிச்சவொடனே ஒவ்வொண்ணா வாயில கவ்விக் கொண்டாந்து போட்டுது."

"காத்தாலயே தெரியுமா? என்கிட்டச் சொல்றதுக்கென்ன?"

"பேச்சு கூடாதுன்னு சொல்லியிருந்தீங்களே."

அதற்குள் மோட்டார் வாசலில் வந்து நின்றது. துரை தொப்பியைக் கழற்றிவிட்டுத் தரையில் முழங்காலிட்டுப் பார்த்தார். குப்பண்ணன் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார். கிளப்புக்குச் சோடா இனி குப்பண்ணன் கடையில்தான் என்று எல்லாரும் கேட்கச் சகாயம் சொன்னான். ஊர் கை தட்டியது. குப்பண்ணனுக்கு அது பாதிதான் காதில் விழுந்தது. மீதிக் காதில் மாரியாத்தா மேல் செய்த சத்தியம் ஒலித்துக்கொண்டிருந்தது.

மீனுக்குக் குருவம்மாளைக் காவல் வைத்துவிட்டு, காதுகுத்துக்கு முந்தின நாள் வண்டி கட்டினார்கள். சாந்தம்மாள் சீர்த்தட்டை மடியில் வைத்துக்கொண்டு வழி நெடுக வாய் மூடாமல் பேசினாள். குப்பண்ணன் முகத்தை இறுக்கிப் பழகிக்கொண்டு வந்தார். வற்புறுத்தலுக்காகத்தான் வந்ததாகக் காட்ட வேண்டும். வீரபாண்டி நாலு தடவை கூப்பிட்ட பிறகுதான் வண்டியைவிட்டு இறங்க வேண்டும். 'நீங்க வருவீங்கன்னு நெனைக்கவே இல்லீங்க மாப்ளே' என்று அவன் கண்கலங்க வேண்டும். அதற்குக் கம்பீரமாக ஒரு பதிலையும் யோசித்து வைத்திருந்தார்.

வண்டி ஆனைமலையில் நின்றது. வீரபாண்டி சிரித்துக்கொண்டே வந்து மாட்டின் கயிற்றைப் பிடித்தான்.

"வாங்க மாப்ளே! போன மாசச் சந்தையிலயே தங்கச்சி சொல்லி உட்டுச்சுங்க, 'மீனு குஞ்சு பொரிக்கட்டும், ஆளக் கூட்டிட்டு வந்தர்றேன்'னு."